செகண்ட்ஸில் சொகுசு எஸ்யூவி: விலை பேசும் முன் ஓட்டும் செலவைக் கணக்குப் போடுங்கள்

பத்து வருஷம் தாண்டிய ஆடி க்யூ7 ஒன்று 14 லட்சத்துக்கு வருகிறது. அந்தப் பணத்துக்கு ஷோரூமில் போய் நின்றால் ஒரு சின்ன எஸ்யூவிதான் கிடைக்கும். ஆசை வருவதில் தப்பே இல்லை. ஆனால் இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டும்தான். அதன் டயர், பிரேக் டிஸ்க், ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லாம் புதிதில் 50 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டியின் சாமான்கள். அந்தச் சாமான்களின் விலை வண்டியோடு சேர்ந்து இறங்கவில்லை. லேபரும் இறங்கவில்லை. வண்டிக்கு வயசாகிவிட்டதால் இரண்டும் முன்பைவிட அடிக்கடி தேவைப்படும், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் செகண்ட்ஸ் வண்டி எடுக்கிறவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வது என் தொழில். திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு என்று எங்கிருந்து அழைத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஏனுங்க, பதினாலுக்கு முடிச்சுக்கலாமுங்களா?” நான் திருப்பிக் கேட்பது, “வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க, எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?” இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எந்தக் கணக்கும் நிற்காது. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து முதல் வரியில் அதை எழுதுங்கள். இங்கே 12,000 கிலோமீட்டர், மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்கிறேன்.

டீசலில் ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம். மூன்று லிட்டர் வி6 டீசல், இரண்டேகால் டன்னுக்கு மேல் எடை, ஆட்டோமேட்டிக், நாலு சக்கரத்துக்கும் இழுவை. அவிநாசி ரோட்டு நெரிசலில் லிட்டருக்கு 7 கொடுக்கும். பைபாஸில் நிதானமாகப் போனால் 10, 11 வரும். கலந்து 8 என்று போடுங்கள். விற்கிறவர் 12 என்பார், அதைத் தாளில் ஏற்றாதீர்கள். 12,000 கிலோமீட்டருக்கு 1,500 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,38,000 ரூபாய். பலரும் பயப்படுவது இந்தத் தொகைக்குத்தான். ஆனால் முழுக் கணக்கில் இது கால்பங்குக்கும் குறைவு.

அடுத்து இன்ஷூரன்ஸ். 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டும் 2022-இல் நிர்ணயித்தபடி 7,897 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சொந்தச் சேதத்துக்கான பகுதி, வண்டிக்குப் போடும் ஐடிவி மதிப்பைப் பொறுத்தது; வண்டி முழுசாகப் போனால் கம்பெனி தரும் அதிகபட்சத் தொகைதான் ஐடிவி. ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐடிவியை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பழைய ஓனரின் நோ க்ளைம் போனஸ் (க்ளைம் கேட்காததற்குத் தரும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அவர் கட்டிய பிரீமியத்தைப் பார்த்து உங்கள் பிரீமியத்தை முடிவுசெய்யாதீர்கள். இரண்டாவது, இந்த வயதில் ஜீரோ டெப்ரிசியேஷன் கவர் கிடைப்பது அரிது. ஹெட்லைட் ஒன்று உடைந்தாலும் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். இந்த வண்டியின் ஸீனான் ஹெட்லைட்டுக்கு விலை கேட்டுப் பாருங்கள், நான் சொல்வதன் பொருள் புரியும். பிரீமியத்துக்கு 40,000 என்று தாளில் எழுதுவோம்.

டயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். க்யூ7-க்கு 255/55 ஆர்18 அல்லது 275/45 ஆர்20 அளவு வரும். நல்ல கம்பெனி டயர் நாலுக்கு ஒரு லட்சம் ஒதுக்குங்கள். 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு 30,000. சாதாரணக் காரில் இரண்டு டயர் தேய்ந்தால் இரண்டை மட்டும் மாற்றுவோம். நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டியில் அப்படிச் செய்யக்கூடாது. புது டயரின் சுற்றளவும் தேய்ந்த டயரின் சுற்றளவும் வேறு. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் நேர்ரோட்டில்கூட வேறு வேறு வேகத்தில் சுற்றும். அந்த வித்தியாசத்தை, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் நடுவில் உள்ள ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஓய்வில்லாமல் தாங்க வேண்டியிருக்கும். பிஎம்டபிள்யூ எக்ஸ்5-இல் இது நேராகவே தெரியும்: மெதுவாகத் திரும்பும்போதும் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் வண்டி இழுத்து இழுத்துப் போகும். வாங்கப் போகிற வண்டியில் நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே பேட்டர்ன், ஏறக்குறைய ஒரே பட்டன் ஆழம்தானா என்று பாருங்கள். இரண்டு கம்பெனி டயர் கலந்து மாட்டியிருந்தால் பழைய ஓனர் செலவுக்குத் தயங்கியவர் என்று அர்த்தம். பார்க்க முடியாத இடத்திலும் அப்படித்தான் தயங்கியிருப்பார்.

சர்வீஸுக்கு வருஷம் 30,000. இன்ஜின் ஆயிலே எட்டு லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், அதுவும் கம்பெனி சொல்லும் கிரேடுதான் ஊற்ற வேண்டும். இது வெளி கராஜ் கணக்கு; ஷோரூமில் விட்டால் தொகை வேறு. முன்பின் டிஸ்க், பேடு எல்லாம் சேர்த்துப் பங்கிட்டால் வருஷம் 22,000. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 6,000. “லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேண்டாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எக்ஸ்5-க்கும் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4-க்கும் கியர்பாக்ஸ் செய்துதரும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் நான் 80,000-க்கே மாற்றச் சொல்வேன்.

இதுவரை எழுதியது 2,66,000 ரூபாய். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இவ்வளவோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். கையைக் கடிக்கப்போவது இனி எழுதும் இரண்டு வரிகள்.

எதிர்பாராத செலவு என்று ஒன்று இல்லை

பத்து வருஷ வண்டியில் எது போகும் என்பது தெரியும். எப்போது போகும் என்பதுதான் தெரியாது. அதனால் அதற்கு ஒரு தொகையை முதல் நாளே ஒதுக்க வேண்டும். நான் வருஷத்துக்கு 1,50,000 எழுதுவேன். ஒரு வருஷம் ஒன்றும் வராது. அடுத்த வருஷம் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வரும். மாடலைப் பொறுத்து எங்கே வரும் என்று சொல்கிறேன். இதைத் தெரிந்து போய்ப் பார்த்தால் விலை பேசவும் உதவும்.

ஏர் சஸ்பென்ஷன் இந்த வகை வண்டிகளில் பலவற்றுக்கும் பொது. ஸ்ப்ரிங்குக்குப் பதில் ரப்பர் பை. அதற்குள் காற்று அடைக்க ஒரு கம்ப்ரஸர். வருஷங்கள் போகப்போக ரப்பரின் மடிப்பில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வண்டி தாழ்ந்து நிற்கும்போது மடிப்புக்குள் மறைந்துவிடும், உயர்த்தினால்தான் திறக்கும். ஆகவே வண்டியை மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றச் சொல்லி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சோப்புத் தண்ணீரை மடிப்பில் பீய்ச்சிப் பாருங்கள். நுரை குமிழ் விட்டால் பை போய்விட்டது. காற்று கசியக் கசிய கம்ப்ரஸர் மறுபடி மறுபடி ஓடி, அதுவும் கருகும். ஒரு பையில் ஆரம்பித்த செலவு இப்படித்தான் கம்ப்ரஸர் வரை போகிறது. இன்னொரு பரிசோதனைக்குக் காசே வேண்டாம். மாலையில் நாலு சக்கரத்துக்கும் மேல் ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள இடைவெளியை டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன், கதவைக்கூடத் திறக்காமல் மறுபடி அளக்க வேண்டும். சில வண்டிகள் கதவைத் திறந்ததுமே கம்ப்ரஸரை ஓடவிட்டு மட்டத்தைச் சரிசெய்துகொள்ளும். ஒரு மூலை மட்டும் விரற்கடை இறங்கியிருந்தாலும் விலையில் குறைத்துக் கேளுங்கள். வண்டியை ராத்திரி அதே இடத்தில் விட விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால், எனக்கு அதுவே பதில்.

க்யூ7-இன் 3.0 டிடிஐ டீசல் இன்ஜினில், வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. எக்ஸ்5-இன் என்57 இன்ஜினிலும் அப்படியே. செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பெரிய விலை இல்லை. ஆனால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் அங்கே முழுசாகக் கைவைக்க முடியாது. லேபர்தான் கழுத்தை நெரிக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில விநாடிகள் பின்பக்கமிருந்து கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். பானட்டில் கைவைத்துப் பார்த்துவிட்டு, வேறு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். க்யூ7-இல் இன்னொன்று: சன்ரூஃபிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய் தூசியில் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும். பேட்டரி முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வயரிங்கும் கண்ட்ரோல் யூனிட்டுகளும் அந்தத் தரையில்தான். விரிப்பைத் தூக்கி அடியில் இருக்கும் ஃபோமைக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். இதில் நான் பேரத்துக்கே இடம் கொடுப்பதில்லை.

மெர்சிடிஸ் எம்எல், ஜிஎல் இரண்டிலும் வரும் ஓஎம்642 வி6 டீசல் அருமையான இன்ஜின். ஒழுங்காக ஆயில் மாற்றியவர்களிடம் மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடும். அதன் பலவீனம் ஆயில் கூலர் சீல். கூலர் உட்கார்ந்திருப்பது, வி எழுத்து மாதிரி சாய்ந்த இரண்டு சிலிண்டர் வரிசைகளின் நடுப்பள்ளத்தில், டர்போவுக்கும் இன்டேக்குக்கும் அடியில். சீலுக்குச் சில ஆயிரம்தான். மேலே இருக்கும் அத்தனையையும் கழற்றி மாட்டுவது ஒரு வேலை. கசியும் ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். லிஃப்ட்டில் ஏற்றிக் கீழிருந்து பார்த்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போனது மாதிரியே தோன்றும். அப்படி நினைத்து கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, ஆயில் மேலிருந்து வருகிறது என்று பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. மெக்கானிக்கிடம் முதலில் மேலிருந்து டார்ச் அடித்துப் பள்ளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்கவரி 4, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் இரண்டும் மனசைக் கவரும் வண்டிகள். வால்பாறை ஏற்றத்தில் டிஸ்கவரியை ஓட்டியவர்கள் வேறு வண்டியைப் பேசமாட்டார்கள். இருந்தாலும், முதன்முதலாக இந்த வகை வண்டி எடுப்பவருக்கு அதை நான் சொல்வதில்லை. அந்த மூன்று லிட்டர் டீசலில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்த கதை உலகம் முழுக்க உண்டு. அது நடந்தால் இன்ஜினே மாற்ற வேண்டும். முன்னால் ஒரு டைமிங் பெல்ட், பின்னால் டீசல் பம்புக்கு இன்னொரு பெல்ட். பின்பெல்ட்டை மறந்துவிட்டு முன்பெல்ட்டை மட்டும் மாற்றிய பில்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்கவரியில் டர்போ வேலைக்கு பாடியையே சேஸிலிருந்து தூக்கிவிடுவது பல கராஜ்களில் வழக்கம். உங்கள் ஊரில் அப்படித் தூக்கத் தெரிந்த கராஜ் இருக்கிறதா என்று விசாரிக்காமல் இதை எடுக்காதீர்கள்.

கடைசி வரி தேய்மானம்: விற்கும்போது எவ்வளவுக்குப் போகும். 14-க்கு வாங்கியது மூன்று வருஷத்தில் 8-க்குப் போனால் நல்ல விலை. வருஷத்துக்கு இரண்டு லட்சம் கரைகிறது. 2025 செப்டம்பரில் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்த 50 சதவீதம் 40 ஆகக் குறைந்தபோது புது வண்டி விலை இறங்கியது. அதன் அழுத்தம் பழைய வண்டி விலையிலும் உண்டு. இதையும் செலவாக எழுதுங்கள்.

வருஷ மொத்தம்: 6,16,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 51 ரூபாய். மாசத்துக்கு 51,000-க்கு மேல். தேய்மானத்தைக் கழித்தாலும் கையிலிருந்து மாசம் சுமார் 34,700 போகும். லோன் போட்டால் வட்டி தனி.

இந்தத் தொகையைப் பார்த்தும் முகம் மாறவில்லை என்றால் நீங்கள் வாங்கலாம். “அவ்வளவு ஓட்டமாட்டேனுங்க, ஞாயித்துக்கிழமை மட்டும்தான்” என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓட்டம் குறைந்தால் டீசல் குறையும், டயர் தேய்வது குறையும். இன்ஷூரன்ஸ், ரப்பர் பை, சீல், பேட்டரி, தேய்மானம் இவை எதுவும் குறையாது. வருஷம் 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் செலவு இரண்டு மடங்குக்கு எகிறும். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புது மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் என்றால் இன்னும் சிக்கல்: கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வந்தால் புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்டர் கரியில் அடைத்துக்கொள்ளும். அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது நீண்ட ஓட்டம் வேண்டும்.

டெல்லி வண்டி மலிவாக வந்ததன் காரணம்

தலைநகர் வட்டாரத்தில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதிலிருந்து எட்டு, ஒன்பது வருஷ சொகுசு டீசல் வண்டிகள் அங்கே அடிமாட்டு விலைக்குக் கிடைத்து, தெற்கே வர ஆரம்பித்தன. 2025-இல் உச்ச நீதிமன்றமே அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் இங்கே ஓட்ட அந்த ஆர்டிஓவின் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) வேண்டும், லோன் இருந்திருந்தால் பேங்க் தரும் ஃபாரம் 35 வேண்டும், தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு இங்கே வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் கணக்கு ஆரம்பிப்பது வண்டி புதிதாக விற்ற விலையிலிருந்து. நீங்கள் 10 லட்சத்துக்கு வாங்கினேன் என்பது அங்கே செல்லாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி நகலைக் காட்டித் தொகையை எழுதி வாங்குங்கள். புரோக்கர் சொல்லும் தொகையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பதினைந்தாவது வருஷ ஆர்சி புதுப்பிப்பும் கணக்கில் வரட்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறக்கியதற்கு 40,000. லேண்ட் க்ரூஸர் 200-ம் பழைய ரேஞ்ச் ரோவர்களும் அப்படிக் கப்பலில் வந்தவை.

வெள்ளத்தில் நின்ற வண்டியை ஒதுக்குவது இன்னும் முக்கியம். 2015 டிசம்பர் சென்னை, 2018 ஆகஸ்ட் கேரளா, 2023 டிசம்பர் மறுபடி சென்னை: மூன்றிலும் நல்ல நல்ல வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் சேற்றுக்கோடு தெரியும். சீட்டைப் பிடிக்கும் போல்ட்டில் துரு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். வெளியே பாலிஷ் போடுகிறவர்கள் அதுவரை போவதில்லை. ஓடிய கிலோமீட்டரைச் சரிபார்க்க ஸ்கேனர் போடச் சொல்லுங்கள்: மீட்டரில் குறைத்திருந்தாலும் பல வண்டிகளில் வேறு யூனிட்டுகளில் பழைய எண் தங்கியிருக்கும், பிஎம்டபிள்யூவில் சாவியில்கூட.

அப்படியானால் எதை வாங்குவது? என் கருத்து நேரானது. மாசம் 35,000 சுமை தெரியாமல் தாங்குகிறவர், வீட்டில் இன்னொரு வண்டி வைத்திருப்பவர், முழு சர்வீஸ் பில்லோடு ஒரே ஓனரிடம் இருந்த ஜிஎல்லோ எம்எல்லோ கிடைத்தால் எடுக்கலாம். ஓஎம்642-ஐப் பிரித்துப் பழகிய வெளி மெக்கானிக்குகள் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், தரமான மாற்று ஸ்பேரும் கிடைக்கிறது. ஒரே வண்டியை வைத்து தினமும் பிழைப்புக்கு ஓட வேண்டியவர் லேண்ட் க்ரூஸர் பிராடோவைப் பார்க்கட்டும். கேட்கும் விலை அதிர்ச்சியாக இருக்கும். அதே தாளில் அதற்கும் எழுதிப் பாருங்கள்: தேய்மான வரியும் எதிர்பாராத செலவு வரியும் பாதிக்கும் கீழே வந்துவிடும், மூன்று வருஷ முடிவில் அது மலிவாகிவிடும். லெதரும் அமைதியும் ஜெர்மன் வண்டி அளவுக்கு வராது. அது வேறு விஷயம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் முதல் மாசத்திலேயே எல்லா ஆயிலையும் மாற்றுங்கள்: இன்ஜின், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் டிஃபரென்ஷியல். பிரேக் ஆயில், கூலன்ட்டும் கூட. பில் இல்லாத எந்த வேலையும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒன்று முதல் ஒன்றரை லட்சம் ஆகும். அதனால்தான் கையில் 14 இருப்பவரை 12-க்குள் வண்டி பார்க்கச் சொல்கிறேன். மீதியில் ஒரு பகுதியை வேறு ஒரு பேங்க் கணக்கில் போட்டு, மாசாமாசம் 12,500 அதில் சேருங்கள். தாளில் எழுதிய அந்த ஒன்றரை லட்சம் அதுதான். ஏர் பையோ ஆயில் கூலரோ கேட்கும் நாளில் அங்கிருந்து எடுத்துக்கொடுங்கள். ஒவ்வொரு பில்லையும் ஒரு ஃபைலில் கோத்துவையுங்கள், கிலோமீட்டரையும் தேதியையும் மேலே எழுதி. மூன்று வருஷம் கழித்து வாங்க வருகிறவர் என்னை மாதிரி ஒருவரைக் கூட்டிவந்தால், அவர் முதலில் கேட்பது அந்த ஃபைலைத்தான்.